பத்திரத்தில் பெயர் இல்லாதவர்: தலைகீழ் அடமானமும் அதற்கு முந்தைய ஆலோசனையும்

கடன் வாங்கியவர் இறந்த செய்தி எட்டியதும் கடன் நிறுவனம் ஒரு கடிதம் அனுப்பும். கடன் முழுவதையும் கட்டவேண்டிய நேரம் வந்துவிட்டது; பணம் கட்டுகிறீர்களா, வீட்டை விற்கிறீர்களா, வீட்டை எங்களிடமே ஒப்படைக்கிறீர்களா என்பதை முப்பது நாளுக்குள் தெரிவியுங்கள் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் தலைகீழ் அடமானம் (முதியவர் வீட்டை ஈடாக வைத்துப் பணம் பெற்று, அவர் இறந்த பின் கணக்கு முடிக்கப்படும் கடன்) வைத்த பெரும்பாலான குடும்பங்களில் இந்தக் கடிதம் பிள்ளைகள் கையில் போய்ச் சேரும். அவர்கள் வேறு ஊரில், சொந்தக் குடித்தனத்தில் இருப்பார்கள். வீட்டை விற்று கணக்கை முடித்துவிடுவார்கள். சில குடும்பங்களில் மட்டும் கடிதத்தைப் பிரித்துப் படித்தவர் அதே வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்த கணவர் அல்லது மனைவி. துணையை அடக்கம் செய்து ஈரம் காயவில்லை, வீடும் போகிறது என்ற நிலை.

அப்படிக் கடிதம் பெற்றவர்களில் மூன்று பேர் 2011 மார்ச்சில் அமெரிக்க வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை மீது வாஷிங்டன் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். முதியோர் அமைப்பான ஏஏஆர்பியின் அறக்கட்டளை அவர்களுக்காக வாதாடியது. தனி மனிதர்கள் என்பதால் அவர்கள் பெயரைத் தவிர்க்கிறேன். வழக்கு நான்கைந்து ஆண்டுகளில் ஒரு நாட்டின் கடன் விதியையே மாற்றிய கதை சட்டக்காரர்களுக்குத் தெரியும். எனக்கு அதில் வேறொரு கேள்வி உறுத்துகிறது. இந்தக் கடனை வாங்குமுன் ஒரு சுதந்திர ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. ஆலோசனைச் சான்றிதழ் இல்லாமல் கடனே கிடையாது. அப்படியிருந்தும் இத்தனை வீடுகளில் இது எப்படி நடந்தது?

கடன் எப்படிப்பட்டது

சாதாரண வீட்டுக்கடனில் மாதந்தோறும் நாம் கட்டுவோம், கடன் தேயும். தலைகீழ் அடமானத்தில் வீட்டின் மதிப்பை ஈடாக வைத்து நிறுவனம் நமக்குப் பணம் தரும். மொத்தமாகவும் வாங்கலாம், மாதாமாதமும் வாங்கலாம், வேண்டும்போது எடுத்துக்கொள்ளும்படி கணக்கிலும் வைக்கலாம். நாம் தவணை எதுவும் கட்டுவதில்லை. வட்டி அசலோடு சேர்ந்து, வட்டிக்கு வட்டி ஏறி, கடன் வளர்ந்துகொண்டே போகும். வட்டியும் காப்பீட்டுக் கட்டணமும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், இன்று எடுத்த 1,50,000 டாலர் பதினோரு ஆண்டில் 3,00,000 டாலர் ஆகிவிடும்.

கடனாளி அந்த வீட்டில் குடியிருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். அவர் இறந்தால், வீட்டை விற்றால், உடல்நலக் காரணத்தால் தொடர்ந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், சொத்துவரியையோ வீட்டுக் காப்பீட்டையோ கட்டத் தவறினால் கணக்கு முடிக்கப்படும். வீட்டை விற்று வரும் தொகை கடனைவிடக் குறைவாக இருந்தாலும் மிச்சத்தைப் பிள்ளைகளிடம் வசூலிக்க முடியாது. அரசுக் காப்பீடு அந்த இழப்பை ஏற்கும்.

இந்தக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஹெக்கம் என்று பெயர். 1987ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் இதற்கு வழிசெய்யப்பட்டது. அதிபர் ரீகன் 1988 பிப்ரவரியில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தில் முதியவர் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவதைத் தடுக்கவென்றே ஒரு பிரிவு உண்டு. வீட்டு உரிமையாளர் இறக்கும்வரை, அல்லது வீட்டை விற்கும்வரை, கடனைக் கேட்கக்கூடாது. அப்படி எழுதப்படாத கடனுக்குத் துறை காப்பீடு தரக்கூடாது என்கிறது அது. அதோடு நிற்கவில்லை. இந்தப் பிரிவைப் பொறுத்தவரை உரிமையாளர் என்ற சொல் அவருடைய கணவரையோ மனைவியையோ உள்ளடக்கும் என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறார்கள். படித்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

துறை எழுதிய விதியோ வேறு மாதிரி இருந்தது. கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் இறந்து, கையெழுத்திட்ட வேறு யாரும் அந்த வீட்டில் வசிக்கவில்லை என்றால் கடன் உடனே கட்டவேண்டியதாகிவிடும் என்றது விதி. உரிமையாளரின் துணை என்று சட்டத்தில் இருந்தது, விதிக்கு வரும்போது கையெழுத்திட்டவர் என்று சுருங்கிவிட்டது. பின்னால் வந்த அத்தனை துயரமும் இந்தச் சுருக்கத்தில் தொடங்கியது.

பெயர் எப்படி நீங்கியது

இந்தக் கடனுக்குக் குறைந்தபட்ச வயது 62. கணவருக்கு 70, மனைவிக்கு 58 என்றால் மனைவி கடனாளியாகச் சேரவே முடியாது. வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயரும் இருந்தால் சிக்கல். அதற்குத் தரகர்கள் கண்ட வழி, அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுப்பது. நம் ஊர்ப் பதிவு அலுவலகங்களில் விடுதலைப் பத்திரம் என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். கையெழுத்துப் போட்டால் ஒரு நிமிட வேலை.

இருவருக்கும் 62 தாண்டிய வீடுகளிலும் இது நடந்தது. அதற்குக் காரணம் கணக்கு. இளையவர் வயது எவ்வளவோ அதை வைத்துத்தான் எவ்வளவு பணம் தரலாம் என்று அட்டவணை போடுகிறார்கள். வயது ஏற ஏறத் தொகையும் ஏறும், ஏனென்றால் கடன் வளரும் காலம் குறைவு. அறுபத்து மூன்று வயது மனைவியைக் கழற்றிவிட்டு எழுபத்தைந்து வயது கணவர் பெயரில் மட்டும் கடன் எழுதினால் கையில் கிடைப்பது அதிகம். பழைய வீட்டுக்கடன் பாக்கியை அடைக்கவேண்டிய நெருக்கடியில் இருப்பவருக்கு அந்தக் கூடுதல் தொகைதான் கண்ணில் படும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியே பலரிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்ற புகார் நாடெங்கும் எழுந்தது. ஹெக்கம் கடனில் புதிதாக ஒருவரைப் பிறகு சேர்க்கவே முடியாது; புதுக் கடன்தான் எழுத வேண்டும்.

நான் இதில் தரகரை மட்டும் குறை சொல்லத் தயாராக இல்லை. மூத்தவர் முதலில் இறப்பார், இளையவர் தனியே இருப்பார் என்பது வயதுக் கணக்கிலேயே எழுதியிருக்கிறது. அதிகத் தொகை கிடைப்பதற்குக் காரணமே அந்த இளையவருக்குப் பாதுகாப்பு இல்லை என்பதுதான். விற்கப்பட்ட பொருள் அவருடைய பாதுகாப்பு. அதை அந்த வார்த்தைகளில் அவரிடம் யாராவது சொன்னார்களா என்பதுதான் கேள்வி.

2008 டிசம்பர்

இன்னொரு அடி விழுந்தது அரசிடமிருந்து. அதுவரை வாரிசு வீட்டை வைத்துக்கொள்ள விரும்பினால் கடன் பாக்கி அல்லது வீட்டின் சந்தை மதிப்பில் 95 விழுக்காடு, எது குறைவோ அதைக் கட்டினால் போதும் என்பதே பொதுவான புரிதல். 2008 டிசம்பரில் துறை கடன் நிறுவனங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. குறைந்த விலைச் சலுகை வெளியாருக்கு விற்றால் மட்டுமே. வாரிசோ துணைவரோ வீட்டை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முழுக் கடனையும் கட்ட வேண்டும் என்றது அது.

எந்த ஆண்டு என்று கவனியுங்கள். வீட்டு விலைகள் சரிந்துகொண்டிருந்த நேரம். வீட்டின் மதிப்பு 2,00,000, கடன் 3,00,000 என்று எடுத்துக்கொள்வோம். தெருவில் போகிற ஒருவர் 2,00,000 கொடுத்து அந்த வீட்டை வாங்கலாம். அங்கேயே வாழ்ந்து, கணவரைப் பறிகொடுத்த மனைவி 3,00,000 கொடுக்க வேண்டும். அந்நியனுக்கு ஒரு விலை, அகத்தில் இருப்பவருக்கு ஒரு விலை! வழக்கு தொடுத்த சில வாரங்களில், 2011 ஏப்ரலில், துறை இந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றது. வழக்கின் முதல் வெற்றி வாதம் நடப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது எனலாம். ஆனால் மூலக் கேள்வி அப்படியே நின்றது.

ஆலோசகர் முன்னால்

இனி ஆலோசனைக்கு வருவோம். ஏற்பாடு காகிதத்தில் மிக நன்றாகவே இருக்கிறது. ஆலோசகர் துறையின் பட்டியலில் இடம்பெற்றவராக, தேர்வு எழுதித் தேறியவராக இருக்க வேண்டும். கடன் நிறுவனம் ஆலோசனை அமைப்புகளின் பட்டியலைக் கொடுக்கலாம். இவரிடமே போங்கள் என்று கைகாட்டக்கூடாது. 2008இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஆலோசகருக்கான கட்டணத்தை நிறுவனம் கொடுக்கவும் முடியாது. ஆலோசனை முடியும்வரை வீட்டை மதிப்பிட ஆள் அனுப்பக்கூடாது. முடிந்ததும் தரப்படும் சான்றிதழ் 180 நாள் செல்லும். நேரிலும் நடக்கும், பெரும்பாலும் தொலைபேசியில் நடக்கும்.

ஆலோசகர் என்னென்ன பேச வேண்டும் என்பதற்கும் நெறிமுறை உண்டு. மாத வரவு செலவு, கடன் ஆண்டுதோறும் எப்படி வளரும் என்ற அட்டவணை, எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் என்ன விழுக்காடு விழுகிறது என்ற கணக்கு, இந்தக் கடன் இல்லாமலே வேறு வழி உண்டா என்ற தேடல். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். பல மாநிலங்களில் முதியோருக்குச் சொத்துவரியைத் தள்ளிவைக்கும் சலுகை இருக்கிறது. குளிர்கால எரிபொருள் செலவுக்கு உதவித்தொகை இருக்கிறது. கூரை ஒழுகுகிறது என்பதற்காக வீட்டையே ஈடு வைக்க வந்தவருக்குப் பழுதுபார்க்கும் மானியம் கிடைக்கலாம். சிறிய வீட்டுக்கு மாறுவது சிலருக்குச் சரியாக வரும். தரகர் இவற்றில் எதையும் சொல்லமாட்டார். சொன்னால் அவருக்குத் தரகு இல்லை. ஆலோசகர் ஒருவர்தான் அந்த மேசையில் எதையும் விற்காதவர்.

நடைமுறை? அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2009இல் தன் ஊழியர்களை வாடிக்கையாளர் வேடத்தில் பதினைந்து ஆலோசனைகளுக்கு அனுப்பிப் பார்த்தது. சொன்ன தகவல்கள் பொதுவாகச் சரியாகவே இருந்தன. ஆனால் பேசவேண்டிய எல்லாவற்றையும் பேசியவர் பதினைந்து பேரில் ஒருவர்கூட இல்லை. ஏழு பேர் மாற்று வழிகளைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. சிலர் பேசிய நேரத்தைக் கூட்டி எழுதிக்கொண்டார்கள். இதைப் படித்தபோது, நம் ஊரில் வங்கி அதிகாரி காட்டும் இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவரும் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். சடங்காகிப்போன எந்தப் பாதுகாப்பும் இப்படித்தான் தேயும்.

எனினும் வழக்கில் வந்த நிலைமைக்கு ஆலோசகரின் அசட்டை மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் கணிப்பு. மிகத் திறமையான ஆலோசகர் ஒருவர் 2007இல் அப்படி ஒரு தம்பதியின் முன் உட்கார்ந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? விதிப்படி, கையெழுத்திட்டவர் இறந்தால் கடனைக் கட்டியாக வேண்டும் என்று சொல்லியிருப்பார். அது விதியின் சரியான விளக்கம். விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்வது அவர் வேலை அல்ல. பத்திரத்திலிருந்து பெயரை நீக்காதீர்கள் என்று ஆணையிடும் அதிகாரமும் அவருக்கு இல்லை. கடன் வாங்கலாமா கூடாதா என்று முடிவு சொல்லவே கூடாது என்பதுதான் நெறிமுறை. பிழையான விதியைத் தெளிவாக விளக்கிச் சொல்வதால் விதி சரியாகிவிடாது. ஆலோசனை கட்டாயம் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்துதானே கையெழுத்திட்டார்கள் என்று கைகழுவ மட்டும் அது வசதியாகப் போயிற்று.

அவர் ஒன்று செய்திருக்க முடியும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவர் வயது என்ன, உங்களுக்குப் பிறகு அவர் எங்கே இருப்பார் என்று கேட்டுவிட்டு, அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை வேறு பக்கத்தைப் புரட்டாமல் இருந்திருக்கலாம். அதுவும் அந்த இளையவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

நீதிமன்றத்தில்

2011இல் மாவட்ட நீதிபதி எலன் ஹுவெல் வழக்கைத் தள்ளுபடி செய்தார். விதி தவறு என்றே வைத்துக்கொண்டாலும் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோவது தனியார் கடன் நிறுவனம்; துறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தால் அது நின்றுவிடுமா? நிற்காது என்றால் வழக்காட இவர்களுக்குத் தகுதி இல்லை என்பது காரணம். தர்க்கம் இறுக்கமானதுதான், அதன் குரூரத்தையும் கவனிக்க வேண்டும். துறை விதி எழுதும், நிறுவனம் அதன்படி நடக்கும், கேட்கப்போனால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

2013 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. மூத்த நீதிபதி லாரன்ஸ் சில்பர்மேன் எழுதிய தீர்ப்பு, துறை நினைத்தால் நிறுவனத்துக்குப் பணத்தைக் கொடுத்துக் கடனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு ஏலம் விடாமல் இருக்கலாமே என்று வழியைக் காட்டியது. சட்டத்துக்கு எதிராகத் தோன்றும் இந்த விதியைத் துறை எப்படி நியாயப்படுத்தும் என்று எங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது என்ற பொருளிலும் ஒரு வரி அதில் உண்டு. நீதிமன்ற நடையில் அது கடுமையான சொல்.

வழக்கு மீண்டும் அதே நீதிபதி ஹுவெலிடம் வந்தது. 2013 செப்டம்பர் 30 அன்று அவர், உரிமையாளர் என்றால் துணையும் அடங்குவார் என்று சட்டம் சொல்வது சந்தேகத்துக்கு இடமில்லாதது, துறையின் விதி சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார். என்ன பரிகாரம் என்பதைத் துறையே முடிவுசெய்யட்டும் என்று அனுப்பிவிட்டார்.

இப்போதைய நிலை

துறை 2014 ஏப்ரலில் புது ஏற்பாட்டை அறிவித்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 4 முதல் அரசுக் காப்பீட்டுக்கான பதிவு எண் பெறும் கடன்களில், கடனில் சேராத துணைவர் தகுதியுள்ளவராக இருந்தால், கடனாளி இறந்த பின்னும் அவர் அதே வீட்டில் வாழலாம். அவர் வாழும்வரை கடன் கேட்கப்படாது. கடன் எழுதும்போதே திருமணமாகியிருக்க வேண்டும், ஆவணங்களில் துணைவர் என்று பெயர் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், வீடு அவர் குடியிருக்கும் இடமாக இருக்க வேண்டும், வரியும் காப்பீடும் கட்டிவர வேண்டும். இதற்குரிய விலையும் உண்டு. இப்போது 62க்குக் கீழே உள்ள துணைவரின் வயதையும் வைத்துத்தான் தொகை கணக்கிடப்படுகிறது, ஆகவே இளைய மனைவி உள்ளவருக்குக் கிடைப்பது குறைவு. தரகர் காட்டிய அந்தக் கூடுதல் தொகை எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆலோசனையில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இங்கே இருக்கிறது. கடனாளி இறந்த பின் துணைவர் வீட்டில் இருக்கலாம், ஆனால் கணக்கில் மீதமுள்ள பணத்தை எடுக்க முடியாது. மாதத்தொகை வந்துகொண்டிருந்தால் அதுவும் நின்றுவிடும். வீடு தங்கும், வருமானம் தங்காது. சொத்துவரிப் படிவம் மட்டும் வழக்கம்போல வரும். வரி கட்டத் தவறினால் அந்த வீடும் போகும். இது வெறும் அச்சமில்லை. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2012இல் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையின்படி, அந்த ஆண்டு பிப்ரவரியில் கடன் வாங்கியவர்களில் நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டோர் வரியும் காப்பீடும் கட்டாததால் வீட்டை இழக்கும் ஆபத்தில் இருந்தார்கள். அதனால்தான் 2015 முதல், கட்ட வழியிருக்கிறதா என்று கடன் கொடுக்குமுன்பே சோதிக்கிறார்கள். சந்தேகம் என்றால் வரிக்கென்று ஒரு பகுதியைக் கடனிலேயே ஒதுக்கிவைக்கிறார்கள். இருவரும் பேசவேண்டிய கணக்கு, ஒருவர் மட்டும் இருக்கும் மாதத்தின் வரவு செலவு.

துணைவருக்கு வந்த பாதுகாப்பு மற்றவர்களுக்கு வரவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு வந்து அதே வீட்டில் தங்கியிருக்கும் மகளுக்கு எந்த ஒத்திவைப்பும் கிடையாது. வாரிசாக, முழுக் கடனையோ மதிப்பில் 95 விழுக்காட்டையோ, எது குறைவோ அதைக் கட்டினால் வீட்டை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதை அம்மா இருக்கும்போதே பேசுவது நம்மவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், அமெரிக்கர்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆலோசனைக்கு மகளையும் அழைத்துவரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

கலிபோர்னியா மாநிலம் 2015 முதல் இன்னொன்று சேர்த்தது. ஆலோசனை முடிந்து ஏழு நாள் கழியும்வரை நிறுவனம் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளவோ கட்டணம் வாங்கவோ கூடாது. எனக்கு இந்த ஏழு நாள் பிடித்திருக்கிறது. தொலைபேசியில் கேட்டதை இரவுச் சாப்பாட்டின்போது ஒருவர் மற்றவரிடம், நீ போன பிறகு நான் என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ள அவ்வளவு நாளாவது வேண்டும்.

பழைய கடன்களுக்கு, அதாவது 2014 ஆகஸ்ட் 4க்கு முந்தியவற்றுக்கு, 2015இல் வேறொரு வழி வந்தது. நிறுவனம் விரும்பினால் ஏலத்துக்குப் போகாமல் கடனைத் துறைக்கு மாற்றித் தரலாம். துணைவர் வீட்டில் தொடரலாம். மேல்முறையீட்டு நீதிமன்றம் சுட்டிக்காட்டிய வழிதான் இது. தொடக்கத்தில் இதற்கு இறுக்கமான காலக்கெடுக்கள் இருந்தன. 2021 மேயில் அவற்றில் பலவற்றைத் துறை தளர்த்தியது. ஆனாலும் விருப்பம் நிறுவனத்தினுடையது, துணைவரின் உரிமை என்று எழுதப்படவில்லை. பழைய கடனோடு இன்றும் வாழும் தம்பதியர் இருவரும் உயிரோடு இருக்கும்போதே நிறுவனத்துக்கு எழுதி, ஆவணத்தில் துணைவர் பெயர் இருக்கிறதா, கடனாளி இறந்தால் இந்த மாற்றத்தைச் செய்வீர்களா என்று கேட்டு, வரும் பதிலைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். துறை அங்கீகரித்த ஆலோசனை அமைப்பைக் கடன் வாங்கிய பிறகும் அழைக்கலாம். அழைக்கும்போது தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, இருவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.